பெயர் கேட்டு நடந்தவர்

நேயர்களுக்கு வணக்கம்.

என்னை அழைத்தபோது 'போதைச் செடிகளை ஆராய்ந்த விஞ்ஞானி' என்றுதான் தலைப்புத் தந்தார்கள். அந்தப் 'போதை' எனக்கு இடறியது. நம்மிடம் சாராயத்துக்கும் அதுதான் சொல், கோயில் திருநீறு போலப் பயபக்தியோடு கையில் வாங்கும் ஒரு மருந்துக்கும் அதுதான் சொல் என்றால் எப்படி? அதனால் சொல்லை ஓரமாக வைத்துவிட்டு ஆளைப் பற்றிப் பேசுகிறேன்.

ரிச்சர்ட் எவான்ஸ் ஷுல்டீஸ். 1915இல் பாஸ்டனில் பிறந்தவர். மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு ஹார்வர்டில் சேர்ந்தார். தாவரங்களும் மனிதரும் பற்றிய ஒரு வகுப்பில், ஒரு புத்தகம் படித்துக் கட்டுரை எழுத வேண்டும். இருந்ததிலேயே மெல்லிசானதாகப் பார்த்து எடுத்தாராம். அது பெயோட்டே என்ற முள்ளில்லாக் கள்ளியைப் பற்றியது. சோம்பலில் எடுத்த புத்தகம் ஆளையே திருப்பிவிட்டது. 1936இல் ஓக்லஹோமாவுக்குப் போய், கையோவா என்ற பூர்வகுடி மக்களோடு கூடாரத்தில் இரவெல்லாம் தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்தார். அவர்களுக்கு அந்தக் கள்ளி மருந்து, வழிபாடும்கூட. மறு ஆண்டே அதைத் தடைசெய்ய அமெரிக்க செனட்டில் ஒரு மசோதா வந்தது. அதை எதிர்த்து எழுதிக் கொடுத்த அறிஞர்களில் இந்த இருபத்திரண்டு வயதுப் பையனும் ஒருவர்.

அடுத்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. மெக்சிகோவில் அஸ்டெக் மக்கள் 'தெயோனானாகட்ல்' என்ற காளானை உண்டு தெய்வத்தோடு பேசினார்கள் என்று பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியப் பாதிரியார்கள் எழுதி வைத்திருந்தார்கள். 1915இல் சாஃபோர்ட் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், 'அப்படி ஒரு காளானே கிடையாது, காய்ந்த பெயோட்டேத் துண்டைத்தான் காளான் என்று நினைத்துவிட்டார்கள்' என்று தீர்ப்பு எழுதினார். செடி கொடியோடு பிறந்து வளர்ந்த ஒரு சமூகத்துக்குக் கள்ளிக்கும் காளானுக்கும் வித்தியாசம் தெரியாதாம்! படித்தவர்கள் அதையும் நம்பினார்கள்.

ஷுல்டீஸ் நம்பவில்லை. வாஷிங்டன் தாவரக் காப்பகத்தில் பெயோட்டே மாதிரிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கடிதம் கண்ணில் பட்டது. எழுதியவர் மெக்சிகோவில் இருந்த ரேக்கோ என்ற மருத்துவர். 'அது காளான்தான், வஹாக்கா மலைகளில் இன்றும் உண்கிறார்கள்' என்றது கடிதம். ஷுல்டீஸ் கிளம்பிவிட்டார். 1938இல் ரேக்கோவுடன் வஹாக்காவின் ஹுவாவுட்லா என்ற மலையூருக்குப் போய், மாசாடெக் மக்களிடமிருந்தே காளான்களைப் பெற்று வந்தார். முந்நூறு, நானூறு ஆண்டுகளாக ஒளிந்து வாழ்ந்த வழிபாடு. அதே மலைநாட்டில் அதேபோல வழிபாட்டில் பயன்பட்ட 'ஒலோலியுக்கி' என்னும் விதை எந்தக் கொடியுடையது என்பதையும் உறுதிசெய்தார். சாஃபோர்ட் அதை ஊமத்தை இனம் என்றிருந்தார், அதுவும் தப்பு. அது நீலப்பூக்கொடிகளின் உறவு, பூ மட்டும் வெள்ளை.

1941இல் அமேசானுக்குப் போனார். அம்பு நுனியில் தடவும் கியுராரே விஷத்தைப் படிக்கத்தான் போனார். அந்த ஆண்டின் கடைசியில் போர். பட்டாளத்தில் சேர வந்தவரிடம், 'துப்பாக்கி வேண்டாம், ரப்பர் தேடு' என்றார்கள். காரணம் இருந்தது. மலாயா ஜப்பான் கைக்குப் போயிற்று. உலகத்தின் ரப்பர் பெரும்பாலும் அங்கிருந்தும் அக்கம்பக்கத்துத் தென்கிழக்காசிய நாடுகளிலிருந்தும்தான் வந்துகொண்டிருந்தது. மலாயாத் தோட்டங்களில் விடியற்காலையில் பால்மரம் வெட்டியவர்கள் நம் ஆட்கள். அந்த மரங்களோ 1876இல் அமேசானிலிருந்து போன விதைகளின் வாரிசுகள். மரத்தின் தாய்நாடான அமேசானில் ஓர் இலைக்கருகல் நோய் உண்டு, தோட்டம் போட்டால் அழித்துவிடும். ஹென்றி ஃபோர்டின் பெருந்தோட்டமே அதில் அழிந்தது. அந்த நோயைத் தாங்கும் மரங்களைத் தேடி ஆறு ஆறாக அலைந்தார் ஷுல்டீஸ்.

அலைந்தார் என்று வாயால் சொல்லிவிடலாம். ஒரு சின்னத் தோணி, கொஞ்சம் உணவு டப்பா, ஒரு கேமரா, கட்டுக்கட்டாகப் பழைய செய்தித்தாள். தாவர மாதிரி என்றால் கிளையைத் தாளுக்கு நடுவே பரத்தி, அழுத்தி, காயவைக்க வேண்டும். அந்தக் காட்டு ஈரத்தில் காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். ஃபார்மலின் கலந்த நீரில் நனைத்துக் கட்டி வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும் என்று கண்டு, அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். மலேரியா வந்தது, பெரிபெரி என்ற சத்துக்குறை நோய் வந்தது. ஆனாலும் 1953 வரை பெரும்பாலும் அங்கேதான் கிடந்தார். மொத்தம் 24,000க்கும் மேல் மாதிரிகள். அறிவியலுக்குப் புதியவை சுமார் 300 இனங்கள்.

ஒவ்வொன்றிலும் அந்தக் காட்டு மக்கள் அதை என்ன பெயரில் அழைக்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வார். கொலம்பியாவில் 'யாஹே' என்ற கொடியை வேறொரு செடியின் இலையோடு சேர்த்துக் காய்ச்சி, தரிசனம் காணக் குடிப்பார்கள். இலையை மட்டும் உண்டால் வேலைசெய்யாது, குடலில் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். கொடி அந்த நொதியைத் தடுக்கிறது. இது ஆய்வுக்கூடம் பின்னால் கண்டுபிடித்தது. காட்டிலோ, எந்த இலையோடு எந்தக் கொடி என்பது எப்போதோ தெரிந்திருந்தது.

பிற்காலத்தில் ஹிப்பி இளைஞர்கள் அவரைக் குருவாகக் கொண்டாடினார்கள். அவருக்கு அது பிடிக்கவே இல்லை. கழுத்துப்பட்டை கட்டிய, இங்கிலாந்து அரசிமேல் பக்தி கொண்ட பாஸ்டன்காரர் அவர். யாஹே குடித்துவிட்டுப் பெரிய தரிசனம் கண்டதாக ஓர் எழுத்தாளர் அவரிடம் விவரித்தாராம். பலமுறை குடித்திருந்த ஷுல்டீஸ், தமக்கு நிறங்கள் மட்டும்தான் தெரிந்தன என்று முடித்துக்கொண்டார்.

அவரை உண்மையில் திணறடித்தது வேறு. யாஹே கொடியில் பல வகை உண்டு என்பார்கள் காட்டு மக்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர், தனி வேலை. பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்வார்கள். இவர் பூவையும் இலையையும் வைத்துப் பார்ப்பார், எல்லாம் ஒரே இனமாகத்தான் இருக்கும். சாஃபோர்டாக இருந்தால் 'அவர்களுக்குத் தெரியவில்லை' என்றிருப்பார். இவர் அந்தப் பெயர்களை அப்படியே தாளில் எழுதி, கொடியோடு சேர்த்துக் கட்டி, தோணியில் ஏற்றினார்.

வணக்கம்.