வால்பாறையில் யானை வந்தால் சிவப்பு விளக்கு எரியும்

[காட்சி: மேலிருந்து தேயிலைத் தோட்டங்கள், இடையிடையே திட்டுத் திட்டாகக் காடு]

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம். 1890-களில் தொடங்கி, மழைக்காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் போட்டார்கள்.

[வரைபடம்]

சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் யானைக்கூட்டம் எஸ்டேட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். யானை தேயிலையைத் தின்பதில்லை. ஆனால் ரேஷன் கடை அரிசியும் சத்துணவுக்கூட அரிசியும் பிடிக்கும். சுவரை உடைத்து எடுக்கும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை சாலையில். 1994 முதல் 2012 வரை இங்கே யானை தாக்கி 39 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு சம்பவமாக ஆராய்ந்தபோது தெரிந்தது இதுதான்: பெரும்பாலோருக்குப் பக்கத்தில் யானை நிற்பதே தெரியாது. வேலை முடிந்து பாடிக்கு, அதாவது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புக்குத் திரும்பும்போது, இருட்டில், திருப்பத்தில் எதிரே வந்து நின்றிருக்கிறது.

சரி, வேலி போடலாமே? போட்டால் கூட்டம் அடுத்த எஸ்டேட் பாடிப் பக்கம் திரும்பும், அவ்வளவுதான்.

[காட்சி: கைப்பேசித் திரை]

அதனால் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர் ஆனந்தகுமார் குழுவினர் வேலியை விட்டுவிட்டுத் தகவலைக் கையில் எடுத்தார்கள். இன்று மாலை யானை எந்த இடத்தில் நிற்கிறது என்று கேபிள் டிவியில் ஓடும் வரி, 2011 முதல் தமிழில் எஸ்எம்எஸ், படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பு. முக்கியமான இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு. யானையைப் பார்த்த உள்ளூர்க்காரரே போனிலிருந்து அதை எரியவிடலாம். அதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. 2015-இல் இந்த வேலைக்காக ஆனந்தகுமாருக்கு, இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச விருதான விட்லி விருது கிடைத்தது.

[காட்சி: ஆற்றோர மரங்கள்]

ஆனால் பகலில் யானை எங்கே ஒதுங்கும்? ஆற்றோர மரங்களிலும், எஸ்டேட்டுக்குள் மிஞ்சிய காட்டுத் திட்டுகளிலும்தான். அந்தத் திட்டுகள் பலவும் கம்பெனி நிலம். சிலவற்றில், நிர்வாகங்களின் ஒப்புதலோடு, நாட்டு மரங்களை மீண்டும் நடுகிறார்கள். சிக்கல் யூகலிப்டஸில். ஃபேக்டரியில் தேயிலை உலர்த்த விறகு வேண்டும், அதற்காக வளர்த்த தோப்புகளில்தான் யானையும் ஒதுங்குகிறது. மொத்தமாக வெட்டினால் கூட்டம் வெட்டவெளியில் நிற்கும். வெட்டவே கூடாது என்றால் அடுப்புக்கு விறகு இல்லை. பகுதி பகுதியாக வெட்டலாம். ஆற்றோரத்தை மட்டுமாவது விட்டுவைக்கலாம். அதனால் வரும் நஷ்டத்தைக் கம்பெனி மட்டும் ஏற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடக்காது. அரசும் பங்கு போட வேண்டும்.

அப்புறம், சுற்றுலா போகிறவர்களுக்கு: சிவப்பு விளக்கு எரிந்தால் கேமராவோடு இறங்காதீர்கள். வண்டியைத் தள்ளியே நிறுத்துங்கள்.