ஹாட்ஜ்கின் குடும்பத்தார்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஹாட்ஜ்கின் என்ற பெயரை நம்மில் பலர் புற்றுநோய்ப் பிரிவில்தான் முதலில் கேட்டிருப்போம். ‘ஹாட்ஜ்கின் லிம்போமா’ என்னும் நிணநீர்ப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னதும் நோயைப் பற்றிக் கேட்போமே தவிர, அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றி யார் கேட்கிறோம்?

தாமஸ் ஹாட்ஜ்கின் 1798இல் லண்டனில் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார். போரையும் அடிமை முறையையும் எதிர்த்த கிறிஸ்தவப் பிரிவினர் அவர்கள். கைஸ் மருத்துவமனையில் பிணக்கூறாய்வு செய்வது அவர் வேலை. நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கி இறந்தவர்களைப் பற்றி 1832இல் ஒரு கட்டுரை வாசித்தார். அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1865இல் சாமுவேல் வில்க்ஸ் என்ற மருத்துவர்தான் அந்த நோய்க்கு அவர் பெயரை நிலைக்கச் செய்தார்.

நான் அவரை வணங்குவது வேறு காரணத்துக்காக. வட அமெரிக்காவில் விலங்குத் தோல் வணிகம் செய்த ஹட்சன்ஸ் பே கம்பெனி பூர்வகுடிகளை நடத்திய விதத்தைத் துணிந்து கண்டித்தார். அவர் வேலை பார்த்த மருத்துவமனையின் பொருளாளர் பெஞ்சமின் ஹாரிசனோ அந்தக் கம்பெனி நிர்வாகத்தில் இருந்தவர். 1837இல் அந்த மருத்துவமனையில் துணை மருத்துவர் பதவி காலியானபோது தாமஸுக்குக் கிடைக்கவில்லை. வேலையை விட்டு விலகினார், வாய் மூடவில்லை. பூர்வகுடிகள் பாதுகாப்புச் சங்கம் அவர் முயற்சியில் தொடங்கியதும் அதே ஆண்டுதான். 1866இல் அன்றைய பாலஸ்தீனத்தின் யாஃபா நகரில் வயிற்றுக்கடுப்பால் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி ஜான் வழியில் வந்த ஆலன் ஹாட்ஜ்கின், கணவாய் மீனின் தடித்த நரம்பிழையைக் கொண்டு நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்று கணக்கிட்டுக் காட்டி, 1963இல் நோபல் பெற்றார்.

அடுத்த ஆண்டே அதே குடும்பப்பெயருக்கு இன்னொரு நோபல். இது மருமகளாக வந்தவருக்கு! டோரதி குரோஃபுட், 1937இல் ஜானின் கொள்ளுப்பேரனை மணந்தவர். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணின. அந்தக் கைகளால்தான் படிகங்களை எக்ஸ்ரே கருவியில் பொருத்தி, பென்சிலின், வைட்டமின் பி12 ஆகியவற்றின் மூலக்கூறு அமைப்பைக் கண்டறிந்தார். அப்பேர்ப்பட்டவரை ‘ஆக்ஸ்போர்டு இல்லத்தரசி’ என்று தலைப்பிட்டது ஒரு லண்டன் நாளிதழ். இன்று படித்தாலும் மனம் கொதிக்கிறது.

அவர் பரிசோடு ஓய்ந்துவிடவில்லை. இன்சுலின் படிகத்தை அவர் முதலில் எக்ஸ்ரே படம் எடுத்தது 1930களின் நடுவில். அதன் முழு அமைப்பும் புலப்பட்டது 1969இல், அவருடைய 59ஆம் வயதில்.