வாக்குரிமை இல்லாதவர்களின் அரசியல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க அரசியலில் தெற்காசியர்களின் பங்கு என்று பேச்செடுத்தால், நாம் உடனே பதவிகளை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலும், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தியும் 2016ஆம் ஆண்டுத் தேர்தலில் பிரதிநிதிகள் சபைக்கு வென்றார்கள். 2021இல் கமலா ஹாரிஸ் துணை அதிபரானார். இவற்றில் நமக்குப் பெருமை உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் இவர்கள் ஏறிச் சென்ற படிகளைக் கட்டியவர்கள், தம் வாழ்நாளில் பல்லாண்டுகள் ஒரு வாக்குகூடப் போட இயலாமல் இருந்தவர்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் பணியாற்றியவர் பகத்சிங் திந்த். அவருக்குக் கிடைத்த குடியுரிமை செல்லாது என்று அரசே வழக்காட, 1923 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சாதாரண மனிதர்களின் புரிதலின்படி இந்தியர் வெள்ளையர் ஆகமாட்டார் என்று தீர்ப்பளித்தது. அன்றைய சட்டம் குடியுரிமையை வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களுக்கும் மட்டுமே அளித்ததால், அந்த ஒரு தீர்ப்பால் ஏற்கெனவே குடிமக்களாகியிருந்த இந்தியர் பலரும் உரிமையை இழந்தனர். சான் பிரான்சிஸ்கோவில் கடை நடத்திவந்த வைஷ்ணோ தாஸ் பாகாய் அவர்களுள் ஒருவர். தாயகம் சென்றுவரக் கடவுச்சீட்டும் கிடைக்காமல், எந்த நாட்டுக்கும் உரியவரல்லாமல் நின்ற அவர், 1928இல் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். அவருடைய மனைவி கலா பாகாய் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். முன்னொரு காலத்தில் அந்தக் குடும்பம் அருகிலுள்ள பெர்க்லியில் வீடு வாங்கிச் சாமான்களை வண்டிகளில் ஏற்றிப் போய் இறங்கியபோது, உள்ளே நுழையவிடாமல் அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி வைத்திருந்தனர். அதே பெர்க்லியில் இன்று ஒரு தெரு கலா பாகாயின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இனி, நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்பும் மனிதருக்கு வருகிறேன். தலிப் சிங் சௌந்த் 1920இல் பஞ்சாபிலிருந்து அமெரிக்கா வந்தார். உணவைப் பதப்படுத்தும் தொழிலைக் கற்க வந்தவர், கணிதத்தின்பால் ஈர்க்கப்பட்டு, பெர்க்லியில் அத்துறையிலேயே முனைவர் பட்டமும் பெற்றார். முனைவருக்குக் கிடைத்த வேலையோ, கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தி பறிக்கும் கூலியாட்களை மேற்பார்வையிடுவது. பிறகு சொந்தமாகப் பயிர் செய்தார். குடியுரிமை பெறத் தகுதியற்றோர் நிலம் வைத்திருக்க அம்மாநிலச் சட்டம் இடம் தராத காலம் அது. பகலெல்லாம் வயலில் உழைத்த அந்த மனிதர், தேவாலயங்களிலும் மன்றங்களிலும் இந்திய விடுதலையைப் பற்றிப் பேசித் திரிந்தார். வாக்கில்லாத நிலையிலும் ஜனநாயகக் கட்சிக்காரராகவே தம்மை எண்ணி உழைத்தார்.

சட்டத்தை மாற்றுவது ஒன்றே வழி என்று கண்ட சௌந்த், 1940களில் கலிபோர்னிய இந்தியர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். நியூயார்க்கில் துணி வணிகரான ஜே. ஜே. சிங், இந்தியா லீக் அமைப்பின் தலைவராக இருந்து வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்து ஆதரவு திரட்டினார். குடியரசுக் கட்சியின் கிளேர் பூத் லூஸும் ஜனநாயகக் கட்சியின் இமானுவேல் செல்லரும் முன்னின்று நிறைவேற்றிய மசோதாவில், 1946 ஜூலை 2 அன்று அதிபர் ட்ரூமன் கையொப்பமிட்டார். ஆண்டுக்கு 100 இந்தியர் குடியேறலாம் என்பதே அச்சட்டம் தந்த எண்ணிக்கை. எண்ணிக்கை அற்பம்தான், ஆனால் ஏற்கெனவே அங்கு வாழ்ந்தவர்கள் குடிமக்களாகும் உரிமை அதனால் மீண்டது. வாக்கில்லாத ஒரு சிறு கூட்டம் மக்களாட்சியின் நடைமுறைகளைக் கற்று, இரு கட்சிகளிலும் நண்பர்களைத் தேடிப் பெற்ற வெற்றி அது. குடியேறிகள் அமெரிக்க அரசியலுக்கு அளித்த கொடைகளுள் இதையே நான் முதலில் வைப்பேன்.

1949 டிசம்பரில் சௌந்த் குடிமகனானார். மறு ஆண்டே வெஸ்ட்மோர்லாந்து ஊர் நீதிபதித் தேர்தலில் வென்றும், குடிமகனாகி ஓராண்டு நிறையவில்லை என்று பதவி மறுக்கப்பட்டது. 1952இல் மீண்டும் நின்று வென்றார். நீதிமன்றத்துக்கு வருவோருக்கு நீங்களே தலைப்பாகை தருவீர்களா, நாங்கள் வாங்கிவர வேண்டுமா என்று உணவகத்தில் ஒருவர் கேலி செய்தபோது, ஒருவர் தலைமேல் என்ன இருக்கிறது என்பது தமக்குப் பொருட்டல்ல, தலைக்குள் என்ன இருக்கிறது என்பதே பொருட்டு என்று அவர் அமைதியாக விடையிறுத்தார். 1956இல், குடியரசுக் கட்சி வசமிருந்த நாடாளுமன்றத் தொகுதியில், ஒலியின் வேகத்தை விஞ்சிப் பறந்த முதல் பெண்ணான ஜாக்குலின் காக்ரனை எதிர்த்து நின்றார். அவர் விமானத்தில் பறந்து வாக்குக் கேட்க, சௌந்தின் குடும்பத்தார் வீடு வீடாக ஏறி இறங்கினர். ஆசியாவில் பிறந்த ஒருவர் முதன்முறையாக வாக்களிக்கும் உரிமையுள்ள உறுப்பினராகப் பிரதிநிதிகள் சபைக்குச் சென்றது அவ்வாறுதான். அங்கே அவர் ஆதரித்தவற்றுள் 1957ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டமும் ஒன்று.

அந்த ஆதரவை நாம் மறந்துவிடக் கூடாது. கறுப்பின மக்கள் அடிபட்டும் உயிர் நீத்தும் நடத்திய போராட்டம் நாட்டின் மனச்சான்றை அசைத்ததால்தான், 1965இல் வந்த குடியேற்றச் சட்டத்தால் நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறை ஒழிந்து, நம்மில் பெரும்பாலோர் இங்கு வர வழி பிறந்தது. அச்சட்டத்திலும் செல்லரின் பெயர் இருக்கிறது. 1958இல் பெர்க்லிக்குப் படிக்க வந்த ஷியாமளா கோபாலன் என்ற தமிழ்ப் பெண் அப்போராட்டத்தின் ஊர்வலங்களில் நடந்தார். அவருடைய மகள்தான் கமலா ஹாரிஸ்.

பட்டம் பெற்றவர்கள் மட்டுமே இப்பணியைச் செய்யவில்லை. நியூயார்க்கின் டாக்சி ஓட்டுநர்களில் வங்கதேசத்தாரும் பாகிஸ்தானியரும் இந்தியரும் பெருந்தொகையினர். டாக்சி ஓட்டக் கடன் வாங்கிப் பெற்ற உரிமப் பட்டயத்தின் விலை சரிந்ததால் கடனில் மூழ்கிய அவர்கள், பைரவி தேசாய் தலைமையிலான சங்கத்தின்கீழ் 2021இல் நகராட்சி மன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்து, கடன்களுக்கு நகரமே பிணை நிற்கும் உடன்பாட்டைப் பெற்றனர். உடன் உண்ணாவிரதம் இருந்த சட்டமன்ற உறுப்பினர் சோரான் மம்தானி 2025இல் அந்நகரின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நூறு பேர் என்ற அளவு போய்விட்டது. ஆயினும் வேலைவாய்ப்பு வழிக் கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டவருக்கு ஏழு விழுக்காடு என்ற வரம்பு நீடிப்பதால், இந்தியாவில் பிறந்தோர் வரி செலுத்தியபடி பல்லாண்டு காத்திருக்கிறார்கள். வாக்கில்லையே என்று அவர்களுள் பலர் ஊர்க் காரியங்களிலிருந்து ஒதுங்குவது எனக்கு வருத்தம் தருகிறது. பள்ளி வாரியக் கூட்டத்தில் எழுந்து பேசுவதற்கு வாக்காளர் அட்டை தேவையில்லை. தொகுதி உறுப்பினருக்கு மனு எழுதவும் தேவையில்லை. உங்கள் ஊர் வாரியத்தின் அடுத்த கூட்டத்துக்கு, குடிமகனான நண்பர் ஒருவரையும் காத்திருக்கும் நண்பர் ஒருவரையும் சேர்த்து அழைத்துச் செல்லுங்கள்.