வீடு விழுந்திருக்கா?

வணக்கம். காற்றுச் சத்தம் கேட்கிறதா? மைக்குக்குப் பஞ்சு மாட்டியும் அடங்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியில் நிற்கிறேன்.

பின்னால் தெரிகிற இடிந்த தேவாலயத்தை எத்தனையோ படங்களில் பார்த்திருப்பீர்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ஊரே போனது. பாம்பனிலிருந்து வந்த ரயிலை, நூறு பேருக்கு மேல் உள்ளே இருக்க, அலை வாரிக்கொண்டு போனது. மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. சரி, அதைக் கேட்டும் இங்கேயே குடிசை போட்டு மீன் பிடிக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

2017-இல் நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்ட பிறகு இங்கே கேமராவுக்குப் பஞ்சமில்லை. கல்யாண ஜோடிகள் வேறு. முதல் தடவை நானும் அதே இடிபாட்டைத்தான் எடுத்தேன். கறுப்பு வெள்ளை, கூடவே ஒரு காகம்! ஊருக்குப் போய்க் கம்ப்யூட்டரில் போட்டால், பாதிப் படங்களின் ஓரத்தில் ஒரு கீற்றுக் குடிசை எட்டிப் பார்க்கிறது. இடைஞ்சல் என்று வெட்டிவிட்டேன். ஆளில்லாத ஊர் என்று காட்ட, ஆள் குடியிருக்கிற வீட்டை வெட்டியிருக்கிறேன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அதனால் அடுத்த முறை வந்தபோது முதல் நாள் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. சங்கு விற்கிற அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் அமைதியாகக் கிடப்பது பெண் கடலாம், அந்தப் பக்கம் குமுறுவது ஆண் கடலாம். மறுநாள் அவரே, "என்னை எடுக்கணும்னா ஊத்துக்கிட்ட வச்சு எடு தம்பி" என்றார்.

ஊற்று என்றால் மணலில் கையால் தோண்டிய குழி. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, தண்ணீரோ குடிக்கிற தண்ணீர். மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே தங்கி நிற்கிறது. ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். எவ்வளவு தோண்டலாம் என்பது அக்காவின் கைக்குத் தெரிந்திருக்கிறது.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். வெளிர் மணல் கேமராவில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டரை ஏமாற்றும், முகம் கறுத்துப்போகும். நான் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, கூட்டி வைத்து, குழிக்கு எதிரே முட்டி போட்டு எடுத்தேன். தேவாலயம் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

திரையைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "வீடு விழுந்திருக்கா தம்பி?" என்று கேட்டார். இந்த ஊரில் அந்தக் கேள்வி! ஒரு நொடி பேச்சே வரவில்லை. அப்புறம்தான் படத்தில் விழுந்திருக்கிறதா என்று கேட்கிறார் என்பது புரிந்தது.

விழுந்திருந்தது. அவர் தோளுக்குப் பின்னால், கொடியில் காயும் துணியோடு, முழுசாக. "அப்ப பிரிண்டு போட்டுக் கொண்டா. லேமினேசன் பண்ணிக் கொண்டா, உப்புக் காத்துக்கு வெறும் பேப்பர் நிக்காது" என்றார். அதைக் கொடுக்கத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். அதோ, வருகிறார். கேமராவை அணைக்கிறேன்.