எண்சாண் உடம்பும் ஒரு முழம் மல்லியும்

நேயர்களுக்கு அன்பான காலை வணக்கம்.

இந்த நேரத்தில் பல வீடுகளில் அடுப்பில் பால் இருக்கும். ஒரு காது வானொலியில், ஒரு கண் பால் சட்டியில். அப்படியே இருங்கள், என் பேச்சுக்காகப் பாலைப் பொங்க விட்டுவிட வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். பக்கத்து அடுப்பில் வெந்நீரும்தான் கொதிக்கிறது. எவ்வளவு தளதளத்தாலும் அது பாத்திரத்தைத் தாண்டி வழிவதில்லை. பால் மட்டும் ஏன் நாம் முகத்தைத் திருப்பும் அந்த நொடியில் பொங்கி வழிகிறது?

எனக்குத் தெரிந்த வீட்டில் ஒரு சிறுமி இதைத் தன் அப்பத்தாவிடம் கேட்டாள். "பாலுக்கு ரோசம் ஜாஸ்தித்தா. நம்ம கவனிக்கலைன்னா கோவிச்சுக்கிட்டு வெளிய போயிரும்" என்றார் அப்பத்தா. எவ்வளவு அழகான பதில்! இதற்கு அறிவியல் சொல்லும் பதிலும் அழகுதான். பாலில் புரதமும் கொழுப்பும் இருக்கின்றன. சூடேற ஏற அவை மேலே ஆடையாகப் படிகின்றன. தண்ணீரில் எழும் நீராவிக் குமிழ் மேலே வந்ததும் பட்டென்று உடைந்துவிடும். பாலிலோ புரதம் குமிழின் சுவரை உடைய விடாமல் பிடித்துக்கொள்கிறது. குமிழ்மேல் குமிழாக நுரை ஏறி, ஆடையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தாலோ, ஒரு கை குளிர்ந்த தண்ணீர் தெளித்தாலோ நுரை அடங்கிவிடும். தைப்பொங்கலன்று வாசலில் கூடி நின்று குலவையிட்டு நாம் வரவேற்பதும் இதே நுரையைத்தான்.

காலையில் எழுந்ததும் கைப்பேசியைத் திறந்தால், பூப்படத்தோடு காலை வணக்கம் வந்திருக்கும். கூடவே "நீங்கள் அறியாத நூறு தகவல்கள்" என்று ஒரு நீளமான பட்டியலும் வந்திருக்கும். அன்போடுதான் அனுப்புகிறார்கள். படிக்கும்போது "அப்படியா!" என்கிறோம், குளித்துவிட்டு வருவதற்குள் மறந்துபோகிறோம். அதில் எது மெய், எது கட்டுக்கதை என்றும் தெரிவதில்லை. நம் வீட்டில், நம் கையால் சோதித்துப் பார்க்க முடிகிற ஒரே ஒரு செய்தி அந்த நூறையும்விட மனதுக்குத் தெம்பு தருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைச் செய்து பார்க்கும்போது வீட்டில் இருப்பவர்கள் பக்கத்தில் வந்து நிற்பார்கள். பேச்சு வரும், சிரிப்பு வரும். அப்புறம் அது மறக்கவே மறக்காது.

சித்திரைத் திருவிழாச் சமயத்தில் மதுரைத் தெருக்களில் தண்ணீர்ப் பந்தல் வைப்பார்கள். அங்கே மண்பானையைத் தொட்டுப் பாருங்கள், வெளிப்பக்கம் லேசாக ஈரம் கசிந்திருக்கும். அந்த ஈரம் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, உள்ளே தண்ணீர் குளிர்கிறது. காற்று எவ்வளவு காய்ந்து இருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஆவியாகும். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைய இருப்பதால் அங்கே பானை இவ்வளவு குளிராது. நம் ஊரின் வறண்ட வெயிலை எல்லோரும் குறை சொல்கிறோம், பானைக்கு அதுதான் நல்ல துணை. ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், அழகுக்காகப் பானைக்குப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். நுண்துளைகள் அடைபட்டால் பானை வெறும் குடம்தான்.

சரி, நம் ஊர் மல்லிக்கு வருவோம்.

மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. உலகத்துக்கே தெரிந்த பூ. ஆனால் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் காலையில் போய்ப் பார்த்தால், அங்கே மலர்ந்த மல்லி குவிந்திருக்காது, எல்லாம் மொட்டுதான். விடியலில் மொட்டாகவே பறித்துவிடுகிறார்கள். பறித்த பிறகும் அந்த மொட்டு உயிரோடுதான் இருக்கிறது. மூட்டையில் ஏறி, சந்தைக்கு வந்து, விலை பேசப்பட்டு, நாரில் கட்டப்பட்டு, யாரோ ஒருவர் தலையில் ஏறிய பிறகு, பொழுது சாயும் நேரத்தில் இதழ் விரிகிறது! செடியை விட்டு வந்த பிறகும் தன் நேரத்தை அது மறப்பதில்லை. இருட்டில் நிறம் தெரியாதல்லவா? இரவில் பூக்கும் பூக்கள் பல வெள்ளையாகவும் நல்ல மணத்தோடும் இருப்பது, இருட்டில் பறந்து வரும் அந்துப்பூச்சிகளை அழைக்கத்தான்.

இன்னொன்று சொன்னால் நம்பச் சிரமப்படுவீர்கள். மல்லியின் மணத்தில் இண்டோல் என்ற பொருள் இருக்கிறது. அது அதிகமாக இருந்தால் சாக்கடை நாற்றம் போல மூக்கைப் பொத்த வைக்கும். மலத்தில் இருக்கிற பொருளும் அதுதான். மல்லியில் அது துளியூண்டு இருப்பதால், மற்ற வாசனைகளோடு சேர்ந்து அந்தக் கிறங்கடிக்கும் மணத்தைத் தருகிறது.

அம்மன் சன்னதி வாசலில் பூ வாங்கும்போது ஒரு பேச்சு காதில் விழுந்தது. "ஏக்கா, உங்க முழம் ரொம்பச் சின்னதா இருக்கே" என்றார் வாங்க வந்த பெண். "கைதான் சின்னது தங்கச்சி, மனசு பெருசு. இந்தா" என்று பூக்கார அம்மா இன்னும் ஒரு சாண் கிள்ளிக் கொடுத்தார். இருவரும் சிரித்தார்கள், நின்றிருந்த நாங்களும் சிரித்தோம். கொசுறு கொடுப்பதில் நம் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை என்பதை மதுரையில் பூ வாங்கிய யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. ஆளுக்கு ஆள் மாறும்தான். ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. விரித்த கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஒரு சாண். இரண்டு சாண் ஒரு முழம். எண்சாண் உடம்பு என்று பெரியவர்கள் சொல்வார்களே, அது சும்மா சொன்னதில்லை. வளர்ந்த மனிதர் பெரும்பாலும் தன் கையால் எட்டுச் சாண், தன் முழத்தால் நான்கு முழம் உயரம் இருப்பார். குட்டையானவருக்குச் சாணும் குட்டை, நெட்டையானவருக்குச் சாணும் நெட்டை. ஆகக் கணக்கு எல்லோருக்கும் பொருந்துகிறது. சிலருக்கு இரண்டு மூன்று விரல் கூடக் குறைய இருக்கலாம்.

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தாவையும் பாட்டியையும் சுவரோடு நிற்க வைத்து அளந்து, அந்த நூலை அவரவர் கையாலேயே சாண் போடச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் அகல விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை ஏறக்குறைய அதே நூல்தான் வரும், அதையும் பாருங்கள். வயதானவர்களுக்கு மட்டும் உயரம் கொஞ்சம் குறைவாக வரலாம். முதுகெலும்பின் நடுவே மெத்தை போல இருக்கும் வட்டுகள் வயதாக ஆக மெலிந்துவிடுவதால் உயரம் குறைகிறது, கை நீளம் குறைவதில்லை. பாட்டி எட்டுச் சாணுக்கு இரண்டு விரல் குறைந்தால், "அந்தக் காலத்துல நான் இதவிட உசரம்" என்று அவர் சொல்வதை நம்புங்கள், அது உண்மைதான்.

இந்த வட்டுகள் ஒரே நாளிலும் மாறுகின்றன. பகல் முழுக்க நிற்பதாலும் நடப்பதாலும் அழுந்தி, இரவு படுத்ததும் மறுபடி நீர் ஏறி உப்புகின்றன. அதனால் காலையில் எழுந்ததும் நாம் இரவில் இருந்ததைவிட ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உயரம். பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டுக் குறிக்கும் வீடுகளில், எப்போதும் ஒரே நேரத்தில் குறியுங்கள். பள்ளிக்குக் கிளம்பும் முன் குறிப்பது நல்லது. "நான் வளர்ந்துட்டேன்" என்று அவர்கள் குதிப்பதைப் பார்க்க அதுதான் சரியான நேரம்.

வணக்கம்.