சரணம் தின்ற மான்

ஆண்டிறுதிப் பட்டிமன்றம், திருகோணமலை. தலைப்பு: "இந்த வருசம் மனதில் நின்றது மேடைப் பாட்டா, விறாந்தைப் பாட்டா?" விறாந்தை அணியின் இரண்டாவது பேச்சு.

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். எனக்குத் தந்தது ஏழு நிமிசம். வணக்கத்துக்கு இவ்வளவு போதும்.

எதிரணித் தம்பி இப்ப ஒரு பகிடி விட்டிட்டுப் போய் இருந்து தண்ணி குடிக்கிறார். குடியுங்கோ தம்பி, தேவைப்படும். என்ன சொன்னவர்? "இவையின்ர விறாந்தைக் கச்சேரிக்கு நானும் ஒருநாள் போனனான். பாட அஞ்சு பேர், கேக்க மூண்டு பேர். அந்த மூண்டில ஒருத்தர் வீட்டுக்கார அன்ரி, ஒருத்தர் நித்திரை, மற்றது மான்." நீங்களும் கைதட்டினியள், நானும் தட்டினன். நல்ல பகிடி. ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதுதான் தம்பிக்கு வந்திருக்கிற கரைச்சல்.

மானில தொடங்குவம். பிரெட்ரிக் கோட்டைக்குள்ள திரியிற மான் ரவுணுக்கு இறங்கி வாறது வெளியூர் ஆக்களுக்குத்தான் புதினம். எங்களுக்கு அது பக்கத்து வீட்டுச் சனம், கேற் திறந்திருந்தா உள்ள வரும். ஓகஸ்ட் மாசம் ஒரு சனிக்கிழமையும் அப்படித்தான் வந்தது. எங்கட பாட்டுக்கார அண்ணர் சொந்தமா ஒரு பாட்டு எழுதி, அதைச் சீ.ஆர். கொப்பியில வடிவா எழுதி, கொப்பியை விறாந்தைக் கட்டில வைச்சிட்டுக் கண்ணை மூடிப் பல்லவியைத் தொடங்கினார். ஒருதரம் பாடினார். ரெண்டாந்தரம் பாடினார். இனிச் சரணம் எண்டு கண்ணைத் திறந்து குனிஞ்சா, சரணம் மான்ர வாயில!

மனுசன் என்ன செய்யும்? திருப்பிப் பல்லவி. தபேலாக்காரப் பெடியனுக்கு விசயம் தெரியாது. அண்ணர் இண்டைக்கு விஸ்தாரமாப் பாடுறார் எண்டு நினைச்சுக் காலத்தைக் கூட்டுறான். கிற்றார்க்காரன் கண்டிட்டான். சிரிப்பில அவன்ர கை நடுங்குது. அதைக் கமகம் எண்டு நினைச்சு அன்ரி தலையாட்டுறா. அண்ணர் விடாமல் பல்லவி. மான் விடாமல் சப்புது. ஏழாந்தரம் பாடேக்க மான் ஒற்றையைப் பிரட்டிச்சுது. அந்தப் பக்கத்திலதான் ஐயா, ரெண்டாம் சரணம் இருந்தது!

மொத்தம் ஒன்பது பல்லவி. நான் எண்ணினனான். அடுத்த சனியும் அதே நேரம் கேற்றடியில அதே மான், "மிச்சம் இருக்கோ" எண்ட பார்வையோட.

தம்பி, கோணேசப் பெருமான்ர கையில என்ன இருக்கு? ஒரு கையில மழு, மற்றக் கையில? சத்தமாச் சொல்லுங்கோ. மான்! அந்தக் கையில இருந்து இறங்கி வந்து எங்கட பாட்டைக் கேட்டிருக்கு. சரணம் போகவேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கு. உங்கட மேடை ஸ்பீக்கர்ப் பெட்டிச் சத்தத்துக்கு எந்த மான் வந்தது? கோட்டைக்குள்ள நிண்ட மானும் கப்பல் ஏறியிருக்கும்.

"மைக் இல்லாட்டி ஆருக்குக் கேக்கும்" எண்டும் கேட்டவர். ஞானசம்பந்தர் திருகோணமலைக்கு வரேல்ல. இராமேச்சரத்தில நிண்டபடி எங்கட ஊரைப் பாடினார் எண்டு சேக்கிழார் சொல்லுறார். பதிகம் மூன்றாம் திருமுறையில இருக்கு. கடலுக்கு அங்கால நிண்டு பாடினது இங்க மலை உச்சியில கேட்டிருக்கு. எந்தக் கடையில வாடகைக்கு எடுத்த பெட்டி தம்பி அது? போர்த்துக்கீசர் வழிவந்த எங்கட பறங்கிச் சனம் கலியாணத்துக்குக் கபரிஞ்ஞா எண்ட தங்கட ஆட்டப்பாட்டு வாசிக்கேக்க வயலினுக்கு ஆர் வயர் கொழுவினது?

மேடையால கனபேருக்குப் பிழைப்பு நடக்குது எண்டார். அது சரிதான். அதுக்கு என்னட்ட மறுமொழி இல்லை, அதால அடுத்ததுக்குப் போறன்.

உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில பலகை தொங்குது, "அக்கூஸ்டிக் நைட்" எண்டு. என்னெண்டு விசாரிச்சா, கரண்ட் இல்லாமல் பாடுறதாம். அட, 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்டை வெட்டேக்க நாடு முழுக்க அக்கூஸ்டிக் தானே! எங்கட விறாந்தை தொடங்கினதும் அந்த இருட்டிலதான். புழுக்கம் தாங்கேலாமல் வெளிய வந்து குந்தினம். ஒருத்தர் கிற்றாரை எடுத்தார், ஒருத்தர் தண்ணிக் கானைக் கவிழ்த்துத் தாளம் போட்டார். கரண்ட் வந்தாப் பிறகும் ஆரும் உள்ள போகேல்ல. மேடைக்கு மழை வந்தா என்ன நடக்கும்? பெட்டிக்குத் தறப்பாள் போர்த்துவினம், ஆக்கள் நனைவினம்.

இனி அந்த மூண்டாவது ஆள். நித்திரை எண்டு சொன்னியளே.

அவர் எங்கட வளவுக்குப் பின்னால இருக்கிறவர். கரைவலை இழுத்தவர். வலை இழுக்கேக்க பாடுற பாட்டுத்தான் அம்பா, அதில முதலடி எடுத்துக் குடுக்கிறது அவர்தான். அவர் ஒரு அடி சொல்ல, கயித்தில நிக்கிற அத்தனை பேரும் மறுமொழி சொல்லுவினமாம். 2004 மார்கழி 26க்குப் பிறகு அவர் அம்பா பாடேல்ல. ஏன் எண்டு இந்த ஊரில ஆரும் ஆரிட்டயும் கேக்கிறேல்ல. சனிக்கிழமையில வந்து தூணோட சாய்ஞ்சு கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். நாங்களும் நித்திரை எண்டுதான் நினைச்சம்.

கார்த்திகையில ஒரு நாள், நல்ல மழை. ஒரு பாட்டு முடிஞ்சுது, அடுத்ததை ஆரும் தொடங்கேல்ல. பீலியால தண்ணி ஊத்துற சத்தம் மட்டும். நான் தற்செயலா அவற்ற கையைப் பாக்கிறன். மடியில கிடந்த ரெண்டு கையும் ஒண்டு மாறி ஒண்டு கயிறு இழுக்குது. கண் மூடினபடி. பிறகு வாய் திறந்தது.

உடைஞ்ச குரல். சுருதி கிட்டவும் இல்லை. கிற்றார்க்காரன் கிற்றாரை மெல்லக் கீழ வைச்சிட்டான். முதலடி சொல்லிப்போட்டு நிப்பாட்டுறார், மறுமொழிக்கு. எங்களுக்கு மறுமொழி தெரியாது. திருப்பியும் சொல்லுறார். நிப்பாட்டுறார். மூண்டாந்தரம் அன்ரி பிடிச்சா. அவவின்ர தகப்பன் பாடிக் கேட்டவவாம், எங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அதுக்குப் பிறகுதான் நாங்கள் எல்லாரும்.

தம்பி, அந்த மனுசனுக்கு முன்னால நீங்கள் மைக்கை நீட்டியிருந்தா எழும்பிப் போயிருப்பார்.

வாற சனிதான் இந்த வருசத்தின்ர கடைசிச் சனி. நீங்களும் வாங்கோ. அவர் வருவார், அன்ரி பிளேன்டீ தருவா. கொப்பி கொண்டு வந்தா மட்டும் உயர வையுங்கோ.

ஐயா மணி அடிச்சிட்டார். கடைசி வரிசை வரைக்கும் கேட்டுது, அந்த மணிக்கு ஆரும் மைக் பிடிக்கேல்ல. வணக்கம்.