நான்கு வினாடிக்கு 48 அசைவு

(பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

மேலே ஏறி வரும்போது படிக்கட்டில் ஓர் அண்ணன் கேட்டார்: "பொம்மைப் படத்தைப் பற்றிப் பேச்சாமே, பிள்ளைகளையும் கூட்டி வந்திருக்கலாமே?" நல்ல மனதோடுதான் கேட்டார். அவருக்குச் சொல்ல நினைத்த பதிலைத்தான் இப்போது உங்கள் எல்லோருக்கும் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். 'பெரியவர்களுக்கான படம்' என்றால் நம் ஆட்கள் பலருக்கு மனதில் வேறு ஏதோ வந்துவிடும். நான் சொல்வது அதுவல்ல. தனிமை, முதுமை, கசந்துபோன கல்யாணம், அதிகாரத்தின் மிரட்டல். பத்து வயதில் விளக்கினாலும் புரியாது, நாற்பது வயதில் விளக்காமலே புரியும். அப்படிப்பட்ட விஷயங்களைப் பொம்மைகளை வைத்துச் சொல்லும் படங்கள்.

பொம்மை பிள்ளைகளுக்கு உரியது என்று யார் நமக்குச் சொன்னது? கொலு வைக்கும் வீட்டில் வளர்ந்தவர்கள் நினைத்துப் பாருங்கள். "தொடாதே, உடைச்சிடுவே" என்று பிள்ளைகளைத்தான் விரட்டினார்கள். பெட்டியைத் திறந்து, துணி பிரித்து, தூசி தட்டிப் படியில் வைத்தது எல்லாம் பெரியவர்கள். இந்த ஊரிலேயே சீனக் கோயில்களில் போத்தேஹி பார்த்திருப்பீர்கள். கையுறைபோல மாட்டி ஆட்டும் சின்னப் பொம்மைகள். அந்த ஆட்டம் சாமிக்காக நடப்பது. வள்ளுவர் 'மரப்பாவை நாணால் உயிர்மருட்டி' என்கிறார். நாணமில்லாதவர்களைக் கண்டிக்கச் சொன்ன உவமைதான். ஆனாலும் கயிறு கட்டிய மரத்துண்டு உயிர் இருப்பதாக நம்மை மருட்டுகிறது என்பதை அவர் கவனித்திருக்கிறார், பாருங்கள். அந்த ஒரு சொல்லை நான் பல வருடமாக மனதில் வைத்திருக்கிறேன்.

நான் சொல்லும் படங்களை எடுக்கும் முறைக்கு ஸ்டாப் மோஷன் என்று பெயர். இதில் கயிறும் கிடையாது. பொம்மையைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும், ஒரு படம் எடுக்க வேண்டும். மறுபடி கொஞ்சம் நகர்த்த வேண்டும், மறுபடி ஒரு படம். அப்படி எடுக்கும் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். ஒரு வினாடிக்கு 24 பிரேம். பெரும்பாலும் ஒரு நிலையை இரண்டு பிரேம் எடுப்பார்கள், அதனால் வினாடிக்கு 12 நிலை. ஒரு நிமிடத்துக்கு 720. ஒன்றரை மணி நேரப் படத்துக்கு எவ்வளவு என்று வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்த வித்தை தொடக்கத்திலேயே பெரியவர்களிடம்தான் பேசியது. 1912இல் ரஷ்யாவில் விளாடிஸ்லாவ் ஸ்டாரெவிச் என்பவர் இறந்துபோன வண்டுகளுக்குக் கம்பியில் கால் வைத்து, மெழுகால் ஒட்டி, ஒரு படம் எடுத்தார். கதை என்ன தெரியுமா? வண்டுக் கணவனுக்கு வெளியே ஒரு தொடர்பு, மனைவிக்கும் ஒரு தொடர்பு. கணவனின் லீலையை ஒரு வெட்டுக்கிளி ஒளிந்திருந்து படம்பிடித்து, ஊர்ச் சினிமாக் கொட்டகையில் கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்திருக்கும்போதே ஓட்டிவிடுகிறது. அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் சிலர், பூச்சிகளைப் பழக்கித்தான் நடிக்க வைத்திருக்கிறார் என்றே நம்பினார்களாம்.

சரி, நான் மிகவும் நேசிக்கும் படத்துக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவின் ஆடம் எலியட் 2009இல் எடுத்த 'மேரி அண்ட் மேக்ஸ்'. மெல்பர்னில் எட்டு வயதுச் சிறுமி மேரி. நியூயார்க்கில் 44 வயது மேக்ஸ், ஆட்டிசம் வகையைச் சேர்ந்த ஆஸ்பெர்கர் நிலை உள்ளவர், தனியாக வாழ்பவர். இருவரும் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். வருடக்கணக்காக எழுதுகிறார்கள். அவ்வளவுதான் கதை. எலியட்டுக்கே நியூயார்க்கில் அப்படியொரு பேனா நண்பர் உண்டு, அதிலிருந்து பிறந்த படம். மேரியின் உலகம் முழுக்கப் பழுப்பு. மேக்ஸின் உலகம் முழுக்கச் சாம்பல். மேரி அனுப்பிய ஒரு சிவப்பு நூல் பந்தை மேக்ஸ் தன் தொப்பியில் வைத்துக்கொள்கிறார். அந்தச் சாம்பல் நகரத்தில் அந்தச் சிவப்பு நடந்து போவதைப் பாருங்கள். தபால்காரருக்காக வாசலில் காத்திருந்த தலைமுறை இந்த அறையில் பாதிக்கு மேல் இருக்கிறது. ஊரிலிருந்து வரும் நீலக் கடிதத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தப் படம் நமக்கு அந்நியமே இல்லை.

இதை நடிகர்களை வைத்தே எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்திருந்தால் அழுவது ஒரு நடிகர். என்னதான் நன்றாக அழுதாலும், அந்தக் கண்ணீர் அவருடையது. மேக்ஸ் ஒரு களிமண் கட்டி என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் தொண்டை அடைக்கிறது என்றால், அந்தத் துக்கம் உங்களுக்குள்ளிருந்துதான் வந்திருக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று. அந்தப் படத்தின் படப்பிடிப்பு 57 வாரம் நடந்தது. ஒரு வயதானவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும் ஐந்து வினாடியைச் சாதாரண சினிமாவில் கேமரா போகிற போக்கில் பிடித்துவிடும். இங்கே அதற்கு 60 நிலை. அறுபது முறை ஒருவர் அந்த முழங்காலைத் தொட்டு, இவருக்கு வலி எங்கே, பாரத்தை எந்தக் கையில் ஊன்றுவார் என்று யோசித்தாக வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் எழுந்திருப்பதை நாம் யாராவது அப்படிக் கவனித்திருக்கிறோமா?

2015இல் சார்லி காஃப்மனும் டியூக் ஜான்சனும் எடுத்த 'அனோமலிசா' வேறு ரகம். வாடிக்கையாளர் சேவை பற்றிப் புத்தகம் எழுதிப் பேர் வாங்கிய ஒருவர், உரையாற்றச் சின்சினாட்டி போகிறார், ஒரு ஹோட்டலில் தங்குகிறார். அவருக்கு எல்லோருடைய முகமும் ஒரே முகம், எல்லோருடைய குரலும் ஒரே குரல். மனைவி, மகன், டாக்சிக்காரர் எல்லாருக்கும் டாம் நூனன் என்ற ஒரே நடிகர்தான் பேசியிருக்கிறார். லிசா என்ற ஒரு பெண்ணின் குரல் மட்டும் வேறாகக் கேட்கிறது. மனம் மரத்துப்போன ஒருவனின் உலகத்தை இதைவிட நேராகக் காட்ட முடியாது, பொம்மையால் மட்டுமே முடியும். அந்தப் பொம்மைகளின் முகம் மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டு துண்டு. கண்ணருகே இணைப்புக் கோடு தெரியும். பல ஸ்டூடியோக்கள் அதைக் கணினியில் அழித்துவிடும். இவர்கள் அழிக்கவில்லை. எனக்கு அந்தக் கோடு ரொம்பப் பிடிக்கும். அந்தப் படம் வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசை வாங்கியது.

செக் நாட்டின் ஜிரி திர்ன்காவைச் சொல்லாமல் போனால் தப்பு. 1965இல் 'கை' என்று 18 நிமிடப் படம். தன் ரோஜாச் செடிக்கு மண் தொட்டி செய்து வாழும் ஓர் ஏழைக் கலைஞன். அவன் வீட்டுக்குள் ஒரு பெரிய கை வருகிறது. மனிதக் கை, நிஜக் கை. தொட்டி செய்யாதே, என் சிலையைச் செய் என்கிறது. மறுக்கிறான். ஆசை காட்டுகிறது, மிரட்டுகிறது, கடைசியில் கயிறு கட்டிக் கூண்டில் அடைத்து அவன் கையாலேயே செதுக்க வைக்கிறது. இந்தப் பொம்மையின் முகம் படம் முழுக்க மாறவே மாறாது. வெளிச்சமும் கோணமும் மாறும், நமக்கு அவன் பயந்தது தெரியும், களைத்தது தெரியும். ஸ்டாப் மோஷனில் எப்போதும் மறைந்திருப்பது பொம்மையை நகர்த்தும் கை. திர்ன்கா அந்தக் கையையே வில்லனாகத் திரையில் நிறுத்திவிட்டார். அவர் 1969 கடைசியில் இறந்தார். அதன்பின் அந்நாட்டு அரசு படத்தைத் தடை செய்தது. பிள்ளைகள் படத்தை எந்த அரசாவது தடை செய்யுமா?

இனி என் சொந்த அனுபவம். என் அம்மா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். பதினேழு வயதுவரை பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, தலையில் துணி, கையில் வாளி. அந்த வேலையைப் பொம்மையில் செய்து பார்க்க எனக்கு ஆசை. கம்பியில் எலும்புக்கூடு, மேலே பிளாஸ்டிசின் என்ற பிசையும் களிமண், ஒரு பழைய சேலைத் துண்டு. ஒரே ஒரு வெட்டு, நான்கு வினாடி, 48 நிலை.

ஹாலில் அம்மாவை நிற்கச் சொன்னேன். கதவு நிலையை மரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று காய் வெட்டும் கத்தியைக் கொடுத்தேன். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அம்மா கத்தியை வாங்கியதும், முதலில் இடது கை விரலால் கதவு நிலையிலிருந்து எதையோ உரித்து வாளியில் போட்டார். "என்னம்மா அது?" என்றேன். "ஒட்டுப்பால். அதை உரிக்காம எப்படி வெட்டுறது?" என்றார். முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலைத்தான் சொன்னார். கை மறக்கவே இல்லை.

இரண்டு இரவு எடுத்தேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் பிளாஸ்டிசின் இளகும், விரல் வியர்க்கும். விசிறி போட்டால் சேலைத் துண்டு அசையும், அதனால் போடக்கூடாது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. நெருங்கிப் பார்த்தால் பொம்மையின் கன்னத்தில் என் கட்டைவிரல் ரேகை ஒவ்வொரு பிரேமிலும் நெளியும். முதலில் அதைத் தேய்த்துத் தேய்த்து அழித்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

முடித்ததும் அம்மாவிடம் காட்டினேன். ஒருமுறை பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். "கோடு தப்பாச் சாயுது" என்றார். நான் வலப்பக்க மேலிருந்து இடப்பக்கக் கீழாக வெட்ட வைத்திருந்தேன். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் செங்குத்தாக இருப்பதில்லை, லேசாகச் சாய்ந்திருக்கும். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபட்டு அதிகப் பால் வரும். இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அம்மாவுக்கு இந்த விளக்கம் எதுவும் தெரியாது. "இப்படி வெட்டுனா மங்கு நிறையாது, கங்காணி திட்டுவான்" என்றுதான் சொன்னார். மங்கு என்றால் பால் வடியும் கிண்ணம்.

அதனால் மறுபடி 48. மறுபடி இரண்டு இரவு. ஒட்டுப்பால் உரிப்பதையும் சேர்த்திருக்கிறேன், அதற்குத் தனியாக 30 நிலை.

புதிதாக எடுத்ததை அம்மா இன்னும் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தம்பி, அந்த விளக்கைக் கொஞ்சம் அணைத்துவிடுங்கள்.